பானை விற்ற சீமாட்டி

அடிமை! பிறந்த பெண் குழந்தைக்கு இட்ட பெயர் அது. கோபத்திலே எவனோ வீசிய வசைச் சொல் அல்ல. தெருவிலே வைத்த பட்டப் பெயரும் அல்ல. தாயும் தந்தையும் அழைத்த பெயர். சுவாஹிலி மொழியில் ‘முத்தூம்வா’ என்பார்கள். அடிமை, ஏவலுக்கு நிற்பவள் என்று பொருள்.

அந்தக் குழந்தை வளர்ந்து, வாழ்ந்து, 1950-ஆம் ஆண்டில் கண் மூடியபோது கிழக்கு ஆப்பிரிக்கக் கடற்கரை நெடுக மக்கள் அறிந்திருந்த பெயர் வேறு. சித்தி பிந்தி சாத்! பிந்தி சாத் என்றால் சாத் என்பவரின் மகள். சித்தி என்றால் நம் வீட்டுச் சிற்றன்னை அல்ல, தோழர்களே! அது அரபுச் சொல். சீமாட்டி, பெருமாட்டி என்று பொருள். நம் நாட்டு முஸ்லிம் பெண்மணிகள் சிலரின் பெயருக்கு முன்னாலும் அந்தச் சொல் நிற்பதைப் பார்த்திருப்பீர்கள்.

அடிமை எப்படிச் சீமாட்டியானாள்? சீமானை மணந்தாளா? இல்லை. புதையல் கிடைத்ததா? இல்லை. மன்னன் மனமிரங்கி மானியம் தந்தானா? அதுவும் இல்லை. அவளுக்கு இருந்தது ஒன்றே ஒன்று. குரல்! அந்தக் குரலை எவருக்காக எழுப்பினாள் என்பதுதான் இன்று நாம் நினைத்துப் பார்க்க வேண்டிய கதை.

நம் வீட்டு அஞ்சறைப் பெட்டியிலே கிடக்கிறதே கிராம்பு, அது ஒரு காலத்தில் உலகுக்கெல்லாம் பெரும்பாலும் ஒரே இடத்திலிருந்து போயிற்று. கிழக்கு ஆப்பிரிக்காவை ஒட்டிய கடலிலே ஜான்சிபார், பெம்பா என்று இரண்டு தீவுகள். ஓமான் நாட்டு அரபுச் சுல்தான்களின் ஆட்சி. மொட்டு மலருமுன்னே, மரத்திலே ஏறி, கொத்துக் கொத்தாகக் கையால் பறித்து, பாயிலே பரப்பி உலர்த்த வேண்டும். பறித்தவன் அடிமை. உலர்த்தியவள் அடிமை. மூட்டை சுமந்தவன் அடிமை. விற்றுப் பணம் எண்ணியவன் மட்டும் எசமானன்.

உள்நாட்டுப் பகுதிகளிலிருந்து மனிதரைப் பிடித்துக் கட்டி இழுத்து வந்து, ஆடு மாடுபோல் விற்ற சந்தை ஜான்சிபார் நகரிலே இருந்தது. 1873-இல் அந்தச் சந்தையை மூடினார்கள். மூடிய இடத்திலே ஒரு மாதா கோயில் எழுந்தது, இன்றும் நிற்கிறது. சந்தைதான் போயிற்று, அடிமை முறை போகவில்லை! அதற்குப் பின்னும் 24 ஆண்டுகள் சட்டத்தின் பெயராலேயே அது நடந்தது. 1890-இல் பிரிட்டிஷார் தங்கள் பாதுகாப்பிலே தீவை எடுத்துக்கொண்டார்கள். 1896-இல் தங்களுக்குப் பிடிக்காத ஒருவர் சுல்தானாக அமர்ந்தபோது, கப்பலிலிருந்து அரண்மனையைச் சுட்டார்கள். அந்தப் போர் முக்கால் மணி நேரத்துக்குள் முடிந்தது. உலகிலேயே மிகக் குறுகிய போர் என்று அதற்கொரு பெருமை வேறு! அரண்மனையை வீழ்த்த முக்கால் மணி போதும். அடிமைத்தளையை அறுக்க மட்டும் மேலும் ஓராண்டு தேவைப்பட்டது. 1897-இல் சட்டம் வந்தது. அதிலும் ஒரு நுணுக்கம்: விடுதலை வேண்டும் அடிமை தானே நீதிமன்றம் சென்று கேட்க வேண்டும், நட்ட ஈடு எசமானுக்கு! உழைத்துத் தேய்ந்தவனுக்கு ஒரு காசும் இல்லை.

இந்தத் தீவிலேதான், சுமார் 1880-இல், பூம்பா என்ற சிற்றூரில் அவர் பிறந்தார். தந்தையின் முன்னோர் நியாம்வேசி மக்கள். தாயின் முன்னோர் ஸிகுவா மக்கள். இரண்டும் ஆப்பிரிக்கப் பெருநிலத்து இனங்கள். தந்தைக்குப் பயிர்த் தொழில். தாய்க்கு மண்பாண்டம். பள்ளிக்கூடம் என்பது அந்த வீட்டுப் பிள்ளைகள் கனவிலும் காணாதது. பெண் வளர்ந்தாள், மண் பிசையக் கற்றாள், பானை வனையக் கற்றாள், வனைந்ததைத் தலையிலே சுமந்து ஊர் ஊராகப் போய் விற்கக் கற்றாள்.

சரக்கு விற்க வேண்டுமானால் கூவ வேண்டும். நம் ஊர்த் தெருவிலே உப்பு விற்பவரும் கீரை விற்பவரும் கூவுகிறார்களே, அதிலே ஒரு மெட்டு இல்லையா? அந்தப் பெண்ணின் கூவலிலேயும் மெட்டு இருந்தது. வெறும் மெட்டு அல்ல. வெகு தூரம் கேட்கும் வளம் இருந்தது. பானைக்காரி இன்னும் தெருமுனைக்கு வரவில்லை, அதற்குள் குரல் வந்துவிட்டது என்று பெண்கள் வாசலுக்கு வருவார்களாம். தொண்டைக்கு அவர் பெற்ற முதற் பயிற்சி அது. வித்துவான் தந்த பயிற்சி அல்ல. வயிறு தந்த பயிற்சி.

1911-இல் கிராமத்தை விட்டு நகருக்கு வந்தார். ஜான்சிபார் நகரம் இரண்டு பகுதி. ஒன்று கல் நகரம். சுல்தானின் அரண்மனை, அரபுப் பிரபுக்களின் மாளிகை, இந்திய வணிகரின் கடைவீதி, வெள்ளைத் துரைமாரின் அலுவலகம் எல்லாம் அங்கே. நடுவிலே கடற்கழி. அதற்கு அப்புறம் மண் சுவரும் ஓலைக் கூரையுமாக மற்றொரு பகுதி. அதன் பெயரே அக்கரை! சுவாஹிலியில் ‘ஙாம்போ’ என்பதற்கு அதுதான் பொருள். முன்னாள் அடிமைகள், துறைமுகச் சுமை கூலிகள், வண்டி இழுப்போர், வீட்டு வேலைக்காரிகள், மீன் விற்போர் எல்லாரும் அக்கரைவாசிகள். நம் சித்தி அம்மையாரும் அக்கரைவாசியே.

அடிமையாயிருந்த காலத்திலே உடையிலேகூட வரம்பு இருந்தது. முரட்டுத் துணிதான் கட்டலாம். முகத்திரை அணிவது உயர்குலப் பெண்ணின் உரிமை. சட்டம் மாறியதும் அக்கரைப் பெண்கள் செய்த முதல் வேலை, அந்த முரட்டுத் துணியைக் கழற்றி எறிந்து, வண்ணப் பூப்போட்ட ‘காங்கா’ சேலையை வாங்கிக் கட்டியதுதான். முகத்திரையையும் அணிந்தார்கள். திரை போட்டால் விடுதலையா என்று நம்மிலே சிலர் கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால், உனக்கு இது கூடாது என்று தடுக்கப்பட்டிருந்ததை எடுத்து அணிவதிலே ஒரு நிமிர்வு இருக்கிறது. அது தடுக்கப்பட்டவர்களுக்குத்தான் தெரியும். சித்தி அம்மையாரும் கறுப்பு அங்கி அணிந்துதான் பாடினார்.

இனி, பாட்டு. தாராப் என்பது அந்தக் கடற்கரையின் இசை. எகிப்திலிருந்து வந்தது. 1870 முதல் 1888 வரை ஆண்ட சுல்தான் பர்காஷ், தம் ஆள் ஒருவரைக் கெய்ரோவுக்கு அனுப்பி வாத்தியம் பயின்றுவரச் செய்தார். ஊத், கானூன், பிடில், கஞ்சிரா போன்ற பறை. பாடுவது அரபு மொழியில். பாடியவர் ஆண்கள், கேட்டவர் பிரபுக்கள். அரண்மனைக் கூடத்திலே அரபுப் பாட்டு ஒலிக்கும். அதற்கு விசிறி வீசி நிற்பவனுக்கு அதிலே ஒரு சொல்லும் விளங்காது.

அந்தக் கூடத்துக்குள்ளே பானைக்காரி நுழைந்தார்! தாராப் குழுவைச் சேர்ந்த ஒருவர் அவர் குரலைக் கேட்டு வியந்து, இசையும் அரபு உச்சரிப்பும் கற்பித்தார். குர்-ஆன் ஓதவும் கற்றுக்கொண்டார். எழுதப் படிக்கத் தெரியாதவர் என்று எள்ளியோர் வாயடைக்கும்படி, செவி வழியே அத்தனையும் பிடித்துக்கொண்டார். பின்னர் சுபேத் பின் அம்பர், மபாருக் தல்சம், புடா பின் முவெண்டோ, மாலிம் ஷாபான் ஆகிய இசைஞர்கள் உடன் சேர, ஒரு குழு அமைந்தது. அரபு தெரிந்த பின்னும் அவர் அரபோடு நின்றுவிடவில்லை. சுவாஹிலியிலே பாடினார்! பறிப்பவன் பேசும் மொழி. சுமப்பவன் பேசும் மொழி. அக்கரையிலே தாய் பிள்ளையை அதட்டும் மொழி. அரண்மனைப் பண்ணிலே அந்த மொழி ஏறி அமர்ந்தது.

பொறுக்குமா மற்றவர்களுக்கு? கிராமத்துப் பானைக்காரி, நேற்றுக் கந்தலோடு வந்தவள், இன்று பாடகியா என்று இகழ்ந்து பாட்டே கட்டினார்கள். அதை ஊரெல்லாம் பரப்பினார்கள். பிறப்பைச் சொல்லி, தொழிலைச் சொல்லி, முகத்தைச் சொல்லிப் பழித்தார்கள். எந்த நாட்டிலும் இந்தப் படையின் ஆயுதக் கிடங்கிலே இந்த மூன்றுதானே உண்டு! அம்மையார் அழவில்லை, ஒளியவில்லை, ஏசவும் இல்லை. பாட்டுக்குப் பாட்டாலேயே பதில் தந்தார். அழகும் குலமும் இல்லாதது குறையல்ல, அறிவில்லாததே குறை என்ற கருத்திலே அமைந்தது அந்தப் பாட்டு. பழித்த பாட்டைக் கட்டியவர் யார் என்று இன்று தேடினாலும் கிடைக்காது. பதில் பாட்டைக் கடற்கரை மக்கள் இன்னும் சொல்கிறார்கள். சித்தி என்ற பட்டம் சூட்டப்பட்டதும், அடிமை என்ற பெயர் உதிர்ந்ததும் இந்தக் காலத்திலேதான்.

1928-ஆம் ஆண்டு. கிராமபோன் கம்பெனியார், ‘ஹிஸ் மாஸ்டர்ஸ் வாய்ஸ்’ என்று நாயைக் குழலருகே உட்கார வைத்தவர்கள், கிழக்கு ஆப்பிரிக்காவிலே சுவாஹிலித் தட்டு விலை போகுமா என்று பார்க்க நினைத்தார்கள். சித்தி குழுவினரைக் கப்பலேற்றினார்கள். எங்கே? லண்டனுக்கா? இல்லை, நம் பம்பாய்க்கு! ஜான்சிபாருக்கும் பம்பாய்க்கும் உறவு புதிதல்ல. பருவக் காற்றைப் பிடித்து மரக்கலங்கள் போய் வந்துகொண்டிருந்த வழி அது. 1936 வரை ஜான்சிபாரிலே செலாவணியான காசே ரூபாய்தான். பானை விற்று அவர் முடிச்சிட்ட காசுக்குக்கூட நம் காசின் பெயர்.

பம்பாயில் பாடினார். கிழக்கு ஆப்பிரிக்காவிலிருந்து தட்டிலே குரல் பதித்த முதல் பெண்மணி என்று வரலாறு அவரைக் குறித்துக்கொண்டது. தாராப் என்பது இரவெல்லாம் நீளும் இசை. தட்டோ ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிடந்தான் தரும். கடலைக் குடத்திலே அடைப்பது போன்ற வேலை, அடைத்துக் காட்டினார். 1929-லும் 1930-லும் மீண்டும் பதிவுகள். 1931-க்குள் 72,000 தட்டுகள் விற்றன என்பது கணக்கு. ஓர் எண்ணை நாம் படித்துவிட்டுப் போய்விடுகிறோம். எழுதப் படிக்கத் தெரிந்தவர் சிலரே இருந்த நாடு. தட்டுச் சுழற்றும் பெட்டி வாங்க வசதியுள்ளவர் அதிலும் சிலரே. காப்பிக் கடையிலே ஒரு பெட்டி இருக்கும். ஒரு தட்டைச் சுற்றி ஒரு தெருவே உட்கார்ந்து கேட்கும். அப்படியானால் அந்தக் குரலைக் கேட்ட காதுகள் எத்தனை என்று எண்ணிப் பாருங்கள்!

அவர் பம்பாய்க்குக் கப்பலேறிய அதே 1928-இல், அக்கரையிலே மற்றொன்றும் நடந்தது. குடிசை ஏழைக்குச் சொந்தம். குடிசை நிற்கும் மண் மட்டும் அரபு, இந்திய நிலக்காரருக்குச் சொந்தம். மண் வாடகை ஏறிக்கொண்டே போயிற்று. அக்கரை மக்கள் ஒன்று கூடி, வாடகை தர மாட்டோம் என்று நின்றுவிட்டார்கள். பெரிய வேலைநிறுத்தம் போல நடந்த வாடகை மறுப்பு அது. நிலக்காரரிலே நம் நாட்டு வணிகரும் இருந்தார்கள் என்பதை மறைக்காமல் சொல்லத்தான் வேண்டும். இப்படி விழித்துக்கொண்டிருந்த மக்கள் நடுவிலேதான் அம்மையாரின் வீடு இருந்தது. இரவிலே குழுவினர் அங்கே கூடுவார்கள். அண்டை அயலார் வந்து உட்காருவார்கள். அன்று ஊரிலே நடந்ததை ஒருவர் சொல்வார்: எவன் எவனை ஏமாற்றினான், எந்த அதிகாரி எழுத்தறியாதவரின் பணத்தை விழுங்கினான், நீதிமன்றத்திலே என்ன தீர்ப்பு. பேச்சு பாட்டாகும். இன்று பத்திரிகை செய்கிற வேலையை, பத்திரிகை படிக்கத் தெரியாத மக்களுக்கு, அந்த வீட்டுத் திண்ணை செய்தது.

அந்தப் பாட்டுகளிலே ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியாது. ‘கிஜிதி’ என்று பெயர். கிஜிதி என்பது ஒருவனுடைய பட்டப் பெயர். தார்-எஸ்-சலாமிலிருந்து ஜான்சிபாருக்கு ஒரு பெண் வந்திருந்தாள். கருவுற்றிருந்தவள். கேளிக்கை என்று சொல்லி அழைத்துப் போனான். புதர்க்காட்டிலே அவளைக் கொன்றான். கொன்றவன் கடல் கடந்து பெருநிலத்துக்கு ஓடிவிட்டான். நடந்ததை அறிந்த இரண்டு பெண்கள் நீதிமன்றத்துக்கு வந்து சாட்சி சொன்னார்கள்.

தீர்ப்பு என்ன தெரியுமா, தோழர்களே? கொன்றவன் பிடிபடவேயில்லை. சாட்சி சொன்ன பெண்கள் இருவரும் சிறைக்குப் போனார்கள்! ஏன்? அன்றைய கேளிக்கைக்கு மது வாங்கியவர்கள் அவர்கள். ஆப்பிரிக்கருக்கு மது கூடாது என்பது வெள்ளையர் சட்டம். கொலைக்குத் தண்டனை இல்லை. குப்பிக்குத் தண்டனை உண்டு! உயிர் இரண்டு போனது கணக்கிலே வரவில்லை. மது வாங்கியது கணக்கிலே வந்தது. நீதிமன்றத்தின் வாசற்படியை இனி எந்த ஏழைப்பெண் மிதிப்பாள், கண்டதைச் சொல்ல?

சித்தி அம்மையார் அந்த வழக்கைப் பாடினார். கொன்றவன் பெயரைச் சொல்லிப் பாடினார். நீதிபதியின் தீர்ப்பைச் சொல்லிப் பாடினார். அன்று அதைக் கண்டித்துக் கூட்டம் போட முடியாது. ஏட்டிலே எழுத முடியாது. மேல் வழக்காடப் பணம் கிடையாது. ஆனால் கலியாண வீட்டிலே பாட முடியும். பாட்டுக்கு வாரண்டு பிறப்பிக்க எந்தச் சட்டத்திலும் இடமில்லை. தட்டு ஒன்று தார்-எஸ்-சலாமுக்கும் போகும், மொம்பாசாவுக்கும் போகும். ஓடியவன் எந்தத் துறைமுகத்திலே ஒளிந்திருந்தாலும் அங்கே ஒரு காப்பிக் கடையிலே அவன் பெயர் சுழன்றுகொண்டிருக்கும். இதே அம்மையார் சுல்தானின் அரண்மனையிலும் பாடினார், செல்வர் வீட்டு மணவிழாக்களிலும் பாடினார் என்பது உண்மை. அதைக் காட்டி, அவரும் மேட்டுக்குடியோடு சேர்ந்துவிட்டார் என்று சொல்லிவிடலாமா? மாளிகையிலே பாடிவிட்டு அவர் திரும்பியது அக்கரைக்கு.

அவர் தட்டு திறந்த வழியிலே பின்னால் பலர் வந்தார்கள். கிட்டாரும் ஊதுகுழலும் வைத்து, சோடி சோடியாக ஆடுவதற்குப் பாடும் குழுக்கள் பெருநிலத்து நகரங்களிலே தோன்றின. அந்த இசைக்கு ‘டான்சி’ என்று பெயர். தார்-எஸ்-சலாம் ஜாஸ் குழு 1932-இல் அமைந்தது. கியூபா நாட்டுத் தட்டுகள் கப்பலில் வந்தன. அந்தத் தாளத்தைப் பிடித்துக்கொண்டு மொரோகோரோ நகரத்து சாலும் அப்துல்லா 1948-இல் ஒரு குழு கண்டார். கியூபன் மரிம்பா என்ற அதன் பெயரிலேயே கியூபா இருந்தது. பாட்டு மட்டும் சுவாஹிலி. 1965-இல் சாலை விபத்திலே மாண்டார். அதே நகரத்து மொரோகோரோ ஜாஸ் குழுவிலே புகழ் பெற்ற கிட்டார்க்காரர் மபாரக்கா முவின்ஷேஹே. அவரையும் 1979 ஜனவரியிலே மொம்பாசா சாலை விபத்துதான் கொண்டுபோயிற்று, வயது 34. ஊர் ஊராக இரவிலே ஓடிப் பிழைக்கும் கலைஞனுக்குச் சாலையே பகையாகிவிடுகிறது. வேலை முடித்த தொழிலாளி சனிக்கிழமை இரவிலே ஆடிய ஆட்டத்துக்குப் பாடியவர்கள் அவர்கள். வாழ்வின் துன்பத்தையும் தெருவின் செய்தியையும் சுவாஹிலியிலே தட்டிலேற்றலாம், அது விலையும் போகும் என்று அவர்களுக்கு முன்னே காட்டியவர் பானைக்கார அம்மையார்.

முதுமையிலே ஒரு நல்ல காரியம் நடந்தது. சுவாஹிலி மொழியின் பெரும் எழுத்தாளர் ஷாபான் ராபர்ட், அம்மையாரின் இறுதிக் காலத்திலே அவரைக் கண்டு பேசி, வாழ்க்கையைக் கேட்டறிந்தார். மன்னருக்கும் தளபதிக்கும் வரலாறு எழுதுவது எங்கும் வழக்கம். அடிமைக் குலத்துப் பானைக்காரிக்கு ஒருவர் வரலாறு எழுதினார்! ‘சித்தி பிந்தி சாதின் வாழ்க்கை’ என்ற அந்த நூல் பின்னர் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பாடமாயிற்று. பள்ளிக்கூடத்தின் படியேறாதவர் பள்ளிப் புத்தகத்திலே ஏறினார்.

1950-இல் அம்மையார் மறைந்தார். 1964 ஜனவரியிலே புரட்சி வந்து சுல்தான் ஆட்சி விழுந்ததையோ, அதே ஏப்ரலில் ஜான்சிபாரும் தங்கனிக்காவும் இணைந்து, பின்னர் தான்சானியா என்ற பெயர் பெற்றதையோ அவர் காணவில்லை. தான்சானியாவிலே பத்திரிகைத் துறைப் பெண்கள் 1987-இல் ஒரு சங்கம் அமைத்தார்கள். பெண்களுக்கு இழைக்கப்படும் கொடுமையை எழுத ஓர் ஏடு தொடங்கினார்கள். அந்த ஏட்டுக்கு அவர்கள் இட்ட பெயர் ‘சித்தியின் குரல்’.

அம்மையாரின் பாட்டைச் சிறு வயதிலே கேட்டு வளர்ந்த பெண்ணொருத்தி ஜான்சிபாரிலே இருந்தார். தேங்காய் விற்றவரின் மகள். பறை அடித்துப் பாடுவதிலே வல்லவர். பிபி கிடூடே என்று உலகம் அவரை அழைத்தது. முதுமை அவரைத் தடுக்கவில்லை. வெளிநாட்டு மேடைகளிலும் ஏறிப் பாடினார். நூறு வயதை ஒட்டியவர் என்பார்கள். 2013 ஏப்ரலில்தான் இறந்தார். அவர் பாடி வந்த பாட்டுகளிலே கிஜிதியும் ஒன்று.